அம்மாவைப் பாரிஸில் ஒரு நல்ல உணவகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் (சைவம், முட்டையும் கிடையாது)

பொள்ளாச்சிக்காரன் | 9 ஆகஸ்ட் 2025

வணக்கம். அக்டோபர் கடைசியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் போகிறேன். தங்கை அங்கேதான் இருக்கிறாள், அவள் வீட்டில் மூன்று வாரம் தங்கல். ஈஃபில் கோபுரம், லூவர் எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொள்வாள். நான் கேட்க வந்தது வேறு.

அம்மா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 29 வருடம் சத்துணவுச் சமையலராக இருந்தவர். போன வருடம்தான் ஓய்வு. தினம் 180 பிள்ளைகளுக்குச் சமைத்த கை. அதில் பாதிக் காலம் விறகடுப்பு. 180 முட்டையை அவித்து உரித்துப் போடுவார், ஆனால் ஒரு முட்டையைக்கூட வாயில் வைத்ததில்லை. கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பால், தயிர், நெய் உண்டு.

ஓய்வுக்கு அப்புறம் போனில் சமையல் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் ஒரு பிரெஞ்சுச் சமையல்காரர் ஒரே ஒரு கேரட்டை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, "ஒரு தட்டுக்கு இவ்வளவு நேரமா? அதை உக்காந்து சாப்பிட்டா எப்படி இருக்கும்?" என்றார். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது. கல்யாண வீட்டில்கூட அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுப்படியில்தான் நிற்பார்.

ஒருவேளை சாப்பாடு. பெரிய சமையல்காரர் ஒருவர் அம்மாவுக்காகச் சமைத்து, மேசைக்கு வர வேண்டும். நடக்குமா? எவ்வளவு ஆகும்? சேலையில் போகலாமா? கத்தி, முள்கரண்டி பழக்கமில்லை. முழங்கால் வலி இருப்பதால் ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்காரவும் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை | 9 ஆகஸ்ட் 2025

நல்ல எண்ணம். தேட ஆரம்பித்தால் முதலில் மிஷலின் நட்சத்திரம் கண்ணில் படும், அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். டயர் கம்பெனி 1900-ல் கார் ஓட்டுபவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த வழிகாட்டிப் புத்தகம் அது. நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது 1926-ல். ஒன்று என்றால் நின்று சாப்பிடலாம், இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம் என்பது கணக்கு. நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான், விளக்குக்கும் நாற்காலிக்கும் இல்லை. அதனால் ஒரு நட்சத்திரக் கடை சின்னதாக, சாதாரணமாகவும் இருக்கலாம்.

பிரான்சில் 'மெனு' என்றால் பட்டியல் இல்லை, வரிசையாக வரும் முழுச் சாப்பாடு. பட்டியலுக்கு 'கார்த்' என்று பெயர். அப்புறம் 'ஆந்த்ரே' என்பது முதலில் வரும் சின்னத் தட்டு. அமெரிக்காவில் அதே சொல் பெரிய தட்டைக் குறிக்கும். நான் முதல் தடவை இதில் குழம்பி, வந்தது அவ்வளவுதான் என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன்.

நெல்லைச்சீமை | 10 ஆகஸ்ட் 2025

மனம் நோகச் சொல்லவில்லை. வேண்டாம் என்பதே என் கருத்து. ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பாவை லண்டனில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். அப்பா எங்கே போனாலும் வேட்டி சட்டைதான். கோட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று சொல்லி, அவர்களிடம் இருந்த ஒரு கோட்டைக் கொண்டுவந்து வேட்டிக்கு மேல் போட்டுவிட்டார்கள். அளவு பெரிசு. கை விரல்நுனி வரைக்கும் மறைந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு மணி நேரமும் தலை நிமிரவில்லை. தட்டில் வந்தது என்னவென்று எனக்கே தெரியவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்ததும் தயிர்சாதம் கேட்டார்.

பெரியவர்களுக்கு அந்தச் சூழல் தண்டனை. பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பல் பக்கம் நல்ல தோசை கிடைக்கும், அங்கே கூட்டிப்போங்கள். மிச்சப் பணத்தில் அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக்கொடுங்கள்.

பொள்ளாச்சிக்காரன் | 10 ஆகஸ்ட் 2025

அண்ணா, அப்பாவுக்கு நடந்ததைப் படித்தபோது கஷ்டமாக இருந்தது. அப்படி ஒன்று அம்மாவுக்கு நடந்துவிடக் கூடாது என்றுதான் முன்கூட்டியே கேட்கிறேன். தோசை அம்மா வீட்டிலேயே சுடுவார். அவருக்குத் தெரிய வேண்டியது, தன்னுடைய தொழிலை உலகத்தில் இன்னொரு இடத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்பது. ஒரு தச்சரைச் சிற்பக்கூடத்துக்குக் கூட்டிப்போவதுபோல நினைக்கிறேன்.

குசினிக்காரன் | 10 ஆகஸ்ட் 2025

தம்பி, உங்கடை பதிவை வேலை முடிந்து இரவு ரயிலில் வரும்போது வாசித்தேன். நான் யாழ்ப்பாணம். 1998-ல் பாரிஸ் வந்தேன். முதல் நாலு வருசம் ப்ளோஞ்சில், அதாவது சட்டிபானை கழுவுகிற இடத்தில். பிறகு கொமி, அதாவது உதவிச் சமையல்காரன், பிறகு படிப்படியாக மேலே. இப்போது ஒரு சின்ன உணவகத்தில் மரக்கறிப் பக்கம் முழுக்க என் பொறுப்பு. பாரிஸ் குசினிகளில், அதாவது சமையல்கட்டுகளில், எங்கடை சனம் நிறைய இருக்கிறது. மேசையில் இருப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவுக்கு இங்கே வடிவாகச் சாப்பிடக் கிடைக்கும். ஒரே ஒரு விசயத்தைப் பிழைவிடாமல் செய்தால் போதும்: நேரத்தோடு சொல்லுங்கள். போய் உட்கார்ந்த பிறகு "நாங்கள் சைவம்" என்று சொன்னால், எவ்வளவு பெரிய செஃப் என்றாலும் கையில் ஒன்றும் இருக்காது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சனம் இதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அது அவமதிப்பு இல்லை.

மதியம் 12.30-க்கு நீங்கள் சாப்பிடும் தட்டில் பாதி வேலை இரண்டு நாள் முன்னமே முடிந்திருக்கும். 'ஃபோன் து வோ' என்று ஒன்று இருக்கிறது. கன்றுக்குட்டி எலும்பை அடுப்பில் கருஞ்சிவப்பாக வறுத்து, வெங்காயம், கேரட் எல்லாம் போட்டு, மெல்லிய தீயில் எட்டு மணி நேரம் விட்டு, வடித்து, பாணிபோல வற்றக் காய்ச்சுவோம். இறைச்சிக்கு மட்டும் என்று நினைக்காதேங்கோ. காளான் வதக்கும்போது கடைசியில் ஒரு கரண்டி ஊற்றுவோம், மினுக்கத்துக்காக. பட்டியலில் 'காளான்' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். பருப்பு வகையில் பன்றித் துண்டு போட்டுக் கொதிக்கவைத்திருப்போம். உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் பொரிந்திருக்கும். இனிப்பில் ஜெலட்டின், அது எலும்பும் தோலும். பார்மசான், கோம்தே மாதிரி மரபான சீஸ் எல்லாம் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற உறைபொருளில்தான் உறைகிறது. இதையும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அவர் முடிவெடுக்கட்டும். எத்தனையோ தமிழ்க் குடும்பம் சீஸ் சைவம்தானே என்று சாப்பிட்டுவிட்டு, பிறகு அறிந்து மனம் வருந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு நாள் முன்னம் எங்களுக்குத் தெரிந்தால் கதை வேறு. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, வெட்டுமுகம் கருகும்வரை இரும்புத் தட்டில் வைத்து, காளான் தோல், காய்ந்த காளான், கேரட் எல்லாம் சேர்த்து ஒரு கறுத்தச் சாறு எடுப்போம். எலும்புச் சாறுக்கு அது எந்த விதத்திலும் குறைவில்லை. நான் அதைச் செய்கிற நாளில் எனக்குச் சந்தோசம், உண்மையாக.

'வெஜேத்தாரியென்' என்று ஒரு சொல் மட்டும் எழுதாதேங்கோ. மீன் தந்துவிடுவார்கள். ஒவ்வொன்றாக எழுதுங்கள்: சான் வியாந்த், சான் புவாசோன், சான் உஃப், சான் ஜெலத்தின், சான் புய்யோன் து வியாந்த். இறைச்சி, மீன், முட்டை, ஜெலட்டின், இறைச்சிச் சாறு இல்லாமல் என்று அர்த்தம். கூடவே அவர் சாப்பிடுகிறதையும் எழுதுங்கள்: பால், வெண்ணெய், தேன், எல்லா மரக்கறியும். இல்லை இல்லை என்று மட்டும் வந்தால் சமைக்கிறவனுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது.

இன்றைக்கே மின்னஞ்சல் போட்டுவிட்டுப் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்காதேங்கோ. ஆகஸ்டில் பாரிஸ் உணவகங்கள் பாதி பூட்டு. செப்டம்பர் முதல் வாரம் எழுதுங்கள். அக்டோபர் கடைசியில் பள்ளி விடுமுறையும் வரும், நவம்பர் 1 புனிதர் நாள், அப்பவும் சிலர் பூட்டுவார்கள். ஞாயிறு, திங்கள் பொதுவாகவே கஷ்டம். மதியத்துக்கே போங்கள். அதே குசினி, அதே கை, விலை இரவில் பாதிதான். ஒரு நட்சத்திர இடங்களில் 60, 80 யூரோவுக்கு நல்ல மதிய மெனு உண்டு. அம்மாவின் முழங்காலுக்கும் அது நல்லது, இரண்டு மணி நேரத்தில் எழும்பலாம்.

ஒசாகா மரகதம் | 11 ஆகஸ்ட் 2025

குசினிக்காரன் அண்ணா எழுதியதை எல்லாரும் படிக்க வேண்டும். ஆனால் ஒரு இடத்தில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

நான் ஜப்பானில் ஏழு வருடமாக இருக்கிறேன். முதல் வருடம் கியோத்தோவில் ஒரு சின்ன கைசெகி (சின்னச் சின்னத் தட்டாக வரிசையாக வரும் ஜப்பானிய விருந்து) வீட்டில், எட்டே இருக்கை, இடம் பிடித்தேன். "சைவம்" என்று எழுதி அனுப்பினேன், சரி என்றார்கள். போனபிறகுதான் தெரிந்தது, அவர்கள் கணக்கில் சைவம் என்றால் மீன் துண்டு இருக்காது, அவ்வளவுதான். தாஷி இருந்தது. கட்சுவோ என்ற மீனை அவித்து, புகைபோட்டு, கட்டைபோலக் காயவைத்து, சீவி எடுக்கும் சாறு. பூசணித் துண்டிலும் கீரையிலும் ஊறியிருக்கும். வாசத்திலேயே தெரிந்துவிட்டது. சொன்னேன். அந்தப் பெரியவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கோபமில்லை. விருந்தினருக்குத் தப்பாக வைத்துவிட்டோமே என்ற வேதனை. சாப்பாடு முழுவதும் அவரும் கூசினார், நானும் கூசினேன்.

அதற்குப் பிறகு நான் வேறு வழிக்கு வந்துவிட்டேன். நம் முறை ஏற்கெனவே இருக்கும் சமையலைத் தேடிப் போவது. புத்த மடத்துச் சமையலான ஷோஜின் ரியோரியில் மீன், இறைச்சி, முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த ஷிட்டாகே காளானிலும் எடுப்பது. கியோத்தோ அராஷியாமாவில் தென்ர்யு-ஜி கோயிலுக்குள் ஷிகெட்சு என்ற உணவகம் இருக்கிறது. மதியம் மட்டும்தான். பாய்மேல் சிவப்பு விரிப்பில் உட்காரவைத்து, சிவப்பு அரக்குக் கிண்ணங்களில் ஒரு சாறு, ஐந்து பதார்த்தம். சில ஆயிரம் யென்தான். அங்கே கோமா தோஃபு வைத்தார்கள். பெயரில்தான் தோஃபு, சோயா இல்லை. எள்ளை வழுவழு என்று அரைத்து, குட்சு கிழங்கு மாவில் கிளறிக்கொண்டே இருந்து இறக்கி ஆறவைப்பது. நாக்கில் வைத்ததும் எள்ளு வாசம் மூக்கு வரைக்கும் ஏறியது. எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது.

அங்கே யாரிடமும் எதையும் எடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் எனக்கு மரியாதையாகப் பட்டது, இரண்டு பக்கமும். பாரிஸிலும் அப்படி முழுச் சைவ இடம் தேடினால் என்ன?

குசினிக்காரன் | 11 ஆகஸ்ட் 2025

தங்கச்சி, ஜப்பானுக்கு நீங்கள் சொல்வது சரி. தாஷியை எடுத்துவிட்டால் அந்தச் சமையலின் முதுகெலும்பே போய்விடும், அவர்களைக் கேட்பது நியாயமில்லை. இங்கே நிலைமை மாறிவிட்டது.

அலென் பசார் என்ற செஃப் இருக்கிறார். அவருடைய ஆர்பேஜ், ரொதான் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் வரேன் தெருவில். 1996-ல் மூன்று நட்சத்திரம். இறைச்சி வாட்டுவதில் பேரெடுத்த மனுசன், 2001-ல் சிவப்பு இறைச்சியை நிறுத்தி மரக்கறியை நடுவில் வைத்தார். பைத்தியம் என்றார்கள். நட்சத்திரம் மூன்றும் இருந்தது. பாரிஸுக்கு வெளியே சொந்தத் தோட்டம் போட்டு அங்கேயிருந்து காய் வரவழைக்கிறார். போன மாதம், ஜூலையில், மீன், முட்டை, பால், வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். தேன் மட்டும் உண்டு, அது அவருடைய சொந்தத் தேனீ. அவர் 2001-ல் அதைச் செய்தபோது நான் ப்ளோஞ்சில் நின்றேன். எங்கள் செஃப் பத்திரிகையை மேசையில் அடித்துவிட்டுப் போனார். இன்றைக்கு அதே செஃப்மார் மரக்கறித் தட்டைத்தான் முன்னால் வைக்கிறார்கள்.

அவருடைய பீட்ரூட் பேர்போனது. கெராண்ட் பக்கத்துச் சாம்பல் நிறக் கல்லுப்பு, கொஞ்சம் ஈரமாக இருக்கும், இரண்டு கிலோ அளவு. அதைப் பரப்பி, நடுவில் தோலோடு முழு பீட்ரூட்டை வைத்து, மேலே கோபுரம்போல உப்பைக் குவித்து அடுப்பில் வைப்பது. உப்பு இறுகி ஓடாகிவிடும். மேசைக்குக் கொண்டுவந்து உடைப்பார்கள். இதை இப்போது பல இடங்களில் செய்கிறார்கள், ஆனால் கவனம்: சில குசினிகளில் உப்பு இறுகுவதற்கு முட்டை வெள்ளைக்கரு கலப்பார்கள். கேட்டுவிடுங்கள்.

ஆர்பேஜ் மதியமே 200 யூரோவுக்கு மேலே. மூன்று பேருக்கு எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு தட்டு, மூன்று மணி நேரம். அம்மாவின் காலுக்கு ஆகாது. சின்ன இடம், குசினி மேசையிலிருந்து தெரிகிற மாதிரி இடம் தேடுங்கள்.

மன்ஹாட்டன் மணி | 14 ஆகஸ்ட் 2025

கோட்டுப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். இங்கே நியூயார்க்கில் 'செம்மா' உணவகத்துக்கு 2022-ல் நட்சத்திரம் கிடைத்தது. செஃப் விஜய் குமார் நத்தம் பக்கத்துக்காரர். வயலில் நத்தை பொறுக்கிச் சமைத்துச் சாப்பிட்ட வீட்டுப் பிள்ளை, அந்த நத்தைப் பிரட்டலையே பட்டியலில் வைத்தார். இந்த ஜூனில் ஜேம்ஸ் பியர்ட் என்ற அமெரிக்கச் சமையல் விருது மேடையில் வேட்டி கட்டித்தான் ஏறினார். நெல்லைச்சீமை அண்ணா, இதை அப்பாவுக்குக் காட்டுங்கள்.

வேட்டி, சேலை எல்லாம் எதிர்ப்பு இருக்கும் இடம் இன்று குறைவு. லண்டன் ரிட்ஸ்போல கோட்டும் டையும் கட்டாயம் என்று வெளிப்படையாகப் போட்டிருக்கும் சில இடங்கள் உண்டு, அதைப் பார்த்துவிட்டுப் போனால் தீர்ந்தது.

இன்னொன்று. தங்கள் சமையலை மாற்றிக்கொள்ளும் இடங்கள் திரும்பியும் மாறும். இங்கே லெவன் மேடிசன் பார்க் என்ற உணவகம் 2021-ல் முழுக்கத் தாவர உணவுக்குப் போனது. வரும் அக்டோபரிலிருந்து இறைச்சியும் மீனும் மறுபடி வருகிறது என்று இப்போது அறிவித்திருக்கிறார்கள். பழைய கட்டுரையை நம்பி எங்கேயும் இடம் பிடிக்காதீர்கள்.

நெல்லைச்சீமை | 14 ஆகஸ்ட் 2025

அப்பா இப்போது இல்லை, தம்பி. ஆனால் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். நன்றி.

பொள்ளாச்சிக்காரன் | 13 செப்டம்பர் 2025

குசினிக்காரன் அண்ணா சொன்னபடி நான்கு இடத்துக்கு எழுதினோம். தங்கை பிரெஞ்சில் எழுதிக்கொடுத்தாள். ஒரு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒரு இடத்தில் முட்டை இல்லாமல் முடியாது, மன்னிக்கவும் என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது இடம் "சரி, மேடம் மீன் சாப்பிடுவார்தானே?" என்று கேட்டது. நான்காவது இடத்திலிருந்து செஃப்பே பதில் போட்டார்: தேனும் வெண்ணெயும் உண்டா? காரம் பிடிக்குமா? கசப்பு பிடிக்குமா? அம்மாவிடம் படித்துக்காட்டினேன். கசப்பு பிடிக்குமா என்று கேட்டது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பாவக்காய் தின்னுவேன்னு எழுது" என்றார்.

அக்டோபர் 28, செவ்வாய் மதியம். ஐந்து தட்டு, ஆளுக்கு 72 யூரோ. கார்டு எண் கேட்டார்கள். 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் ஆளுக்கு 50 யூரோ பிடிப்பார்களாம். இது வழக்கமா?

குசினிக்காரன் | 13 செப்டம்பர் 2025

வழக்கம்தான், பயப்பட வேண்டாம். 28 இருக்கை உள்ள இடத்தில் நாலு பேர் சொல்லாமல் வராவிட்டால் அன்றைய லாபம் போய்விடும். அந்தக் கசப்புக் கேள்வி கேட்ட மனுசனிடம் நம்பிப் போங்கள். இரண்டு நாள் முன்னம் ஒரு தடவை போன் எடுத்து ஞாபகப்படுத்துங்கள், அது கட்டாயம். எழுதியவர் ஒருவர், அன்றைக்குச் சமைக்கிறவர் ஒருவராக இருக்கலாம்.

பில்லில் வரியும் சேவையும் அடக்கம். மேலே ஏதாவது வைப்பது உங்கள் விருப்பம். தண்ணீருக்கு "உன் கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர், காசில்லை, சட்டமே அப்படி. போத்தல் கேட்டால் பில்லில் ஏறும். பாணை, அதாவது பிரெட்டை, கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும், பல இடத்தில் மேசை விரிப்பிலேயே வைப்பார்கள். கத்திக்கு அம்மா கஷ்டப்படத் தேவையில்லை, கரண்டி கேட்டால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சாப்பிட்டு முடிந்தால் கத்தியையும் முள்கரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வையுங்கள். விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறார் என்று தட்டை எடுக்க மாட்டார்கள்.

பொள்ளாச்சிக்காரன் | 2 நவம்பர் 2025

போய் வந்தோம். விவரமாக எழுதுகிறேன், இந்த இழையில் உதவிய எல்லாருக்கும் இது கடன்.

அம்மா அரக்கு நிறக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டார். வெளியே ஒன்பது டிகிரி, மேலே தங்கையின் குளிர்க்கோட்டு. உள்ளே போனதும் ஒரு பெண் கோட்டை வாங்கி மாட்டினார். அம்மா அதை விட மனமில்லாமல் ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்காமலே குசினி தெரியும் மேசை. நாற்காலிக்குக் கீழே காலை வைக்க ஒரு சின்ன முக்காலி போட்டிருந்தார்கள். போனில் தங்கை முழங்காலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், எனக்கே தெரியாது.

முதலில் எல்லா மேசைக்கும் ஒரே மாதிரி சின்னத் தட்டு வந்தது. எங்கள் மேசைக்கு வந்தவர் தட்டை வைப்பதற்கு முன்னால் குசினியிலிருந்து ஒரு குரல், அவர் அப்படியே திரும்பினார். அதில் முட்டை இருந்ததாம். அரை நிமிடத்தில் வேறு வந்தது: காபிக் கோப்பை அளவில் பூசணிச் சாறு, மேலே வறுத்த செஸ்நட் தூள். அம்மா அந்தக் குரல் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரோ கண்ணு வெச்சிட்டு இருக்காங்க பாரு, அதுதான் சமையக்கட்டு" என்றார்.

அடுத்து காளான். அடியில் கறுப்பாக ஒரு சாறு. அம்மா கரண்டியில் எடுத்து, வாயில் வைக்காமல் மோந்து பார்த்தார். "எலும்பு வாசம் இல்ல. ஆனா இந்த நெறம் எப்படி வந்துது?" தங்கை கேட்டாள். கருகிய வெங்காயமும் காய்ந்த காளானும் என்றார் பரிமாறியவர். குசினிக்காரன் அண்ணா, நீங்கள் எழுதியது அப்படியே! அம்மா அப்புறம்தான் சாப்பிட்டார். தட்டைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டார்.

மூன்றாவதாக பீட்ரூட் வந்தது, உப்பு ஓட்டோடு. முட்டை வெள்ளைக்கரு இல்லை என்று வைக்கும்போதே சொல்லிவிட்டார்கள். கரண்டிப் பின்புறத்தால் தட்டி உடைத்தார்கள். பானை உடைகிற சத்தம். தோலை உரித்து, வட்டமாக அரிந்து, பழுத்த கறுப்பு வினிகர் ஒரு சொட்டு. தண்ணீரில் வேகவைத்த பீட்ரூட்டின் சொதசொதப்பு துளியும் இல்லை. பனங்கிழங்கு மாதிரி இறுக்கம், ஆனால் கத்தி வெண்ணெயில் போவதுபோல இறங்கியது. உப்புக் குவியலுக்குள் வெந்தும் உப்புக் கரிக்கவில்லை. அம்மா முதல் துண்டைக் கரண்டியில் எடுத்தார், இரண்டாவதைக் கையால் எடுத்தார். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றுமில்லை.

கசப்புக்கென்று அந்திவ் இலையை வெண்ணெயில் வாட்டி ஆரஞ்சுச் சாறு ஊற்றியிருந்தார்கள். இனிப்புக்கு தேனில் சுட்ட பேரிக்காய். அதில் எனக்கு அவ்வளவு ருசி தெரியவில்லை. அம்மாவும் பாதி வைத்துவிட்டார்.

கடைசியில் செஃப் வந்தார். நாற்பது வயதுக்குள் இருப்பார். தங்கை அம்மாவின் வேலையைச் சொன்னாள். எத்தனை பேருக்கு என்று கேட்டார். 180, சமையல்கட்டில் மூன்று பேர். அவர் தன் பக்கம் திரும்பி, இங்கே 28 பேருக்கு நாங்கள் ஐந்து பேர் என்றார். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னை அசத்தியது: தினம் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று எப்படித் தெரியும்? அம்மா சொன்னார்: காலையில் வருகைப் பதிவு முடிந்ததும் டீச்சர் ஒரு சீட்டில் எண்ணிக்கை எழுதிக் கொடுத்தனுப்புவார், அது வராமல் அரிசி களைய மாட்டேன். செஃப் உள்ளே போய்த் தன் சீட்டை எடுத்துவந்து காட்டினார். அன்றைய மேசைப் பட்டியல். எங்கள் மேசைக்கு நேரே 'சான் உஃப்' என்று எழுதி, சிவப்பில் இரண்டு கோடு. அம்மா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவ்வளவு உப்பையும் என்ன பண்ணுவாங்க?" கொட்டிவிடுவார்கள் என்று தங்கை சொன்னாள். மெட்ரோவில் வீடு சேரும்வரை அம்மாவுக்கு அது ஆறவில்லை.

ஒசாகா மரகதம் | 3 நவம்பர் 2025

படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். என் வழி மட்டும்தான் மரியாதை என்று எழுதியிருந்தேன். அந்தச் சிவப்புக் கோட்டைப் படித்தபிறகு அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அம்மா ஜப்பான் வந்தால் ஷிகெட்சுவுக்கு நான் கூட்டிப்போகிறேன். அந்த எள்ளுக் கிளறலை அவர் பார்க்க வேண்டும்.

நெல்லைச்சீமை | 3 நவம்பர் 2025

முக்காலி போட்டார்கள் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அன்றைக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

குசினிக்காரன் | 3 நவம்பர் 2025

தம்பி, இந்தப் பதிவை எங்கள் குசினியில் பெடியங்களுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் செஃப்புக்குப் பிரெஞ்சில் சொன்னேன். சீட்டு வராமல் அரிசி களைய மாட்டேன் என்றதை இரண்டு தரம் கேட்டார்.

உப்பை நாங்களும் கொட்டுகிறோம்தான். அம்மா கேட்டபிறகு எனக்கும் அது உறுத்துகிறது. அவரிடம் வழி இருந்தால் சொல்லச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சிக்காரன் | 30 நவம்பர் 2025

ஊர் வந்து இரண்டு வாரம் ஆகிறது. போன ஞாயிறு அம்மா செய்து பார்த்தார். வீட்டில் ஓவன் கிடையாது. கனமான இரும்புச் சட்டியில் ஒரு விரல்கடை கல்லுப்பு, மேலே நான்கு சின்ன பீட்ரூட் தோலோடு, மறுபடி உப்பால் மூடி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடியின்மேல் அம்மிக் குழவியை வைத்துவிட்டார். சிறு தீயில் ஒன்றேகால் மணி நேரம். ஓடு அவ்வளவு இறுகவில்லை, நம் உப்பு காய்ந்தது. ஆனால் பீட்ரூட் அதே பீட்ரூட். வினிகருக்குப் பதிலாக எலுமிச்சையும் மிளகுத்தூளும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு முதலில் கொடுத்தார்.

அண்ணா, உப்புக்கு வழி கேட்டீர்களே. சட்டியை இறக்கியதும், சூடு ஆறுவதற்குள், அந்த உப்பைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி முழங்காலுக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டார். ஆறினால் மறுபடி சட்டியில் போட்டுச் சுடவைக்கலாம். இப்போது அது அடுப்புத் திண்டில் ஒரு மண்சட்டியில் இருக்கிறது, லேசாகச் சிவந்துபோய்.

குசினிக்காரன் | 30 நவம்பர் 2025

எங்கள் ப்ளோஞ்சில் நிற்கிற கிளிநொச்சி அண்ணைக்கும் முழங்கால்தான். நாளைக்குக் கட்டிக் கொடுக்கிறேன்.